ஒரு கட்டம் கீழே

அதை பஸ் மேல் தட்டுல வெக்க வேண்டாமுங்க தம்பி, எங்கிட்டயே குடுங்க. மடியிலயே வெச்சுக்கறேன். கனமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கனம் இருந்திருந்தா இத்தனை கெடுதலும் வந்திருக்காது. லேப்டாப்புங்க. மஞ்சப்பையில வெச்சிருக்கறாளேன்னு பாக்கறீங்களா? இதுக்குன்னு ஒரு கறுப்புப் பை வாங்கிக் குடுத்தானுங்க என்ற பையன், ஜிப்பு வெச்சு, தோள்ல மாட்டற மாதிரி. அந்தப் பையில வெச்சு எடுத்துட்டுப் போற அளவுக்கு இது எனக்கு மரியாதை பண்ணலைங்க.

கழுத்துல கார்டு தொங்குதே, சரவணம்பட்டியில எறங்கறீங்களா? கம்ப்யூட்டர் கம்பெனிங்களா? அப்பச் சரி. உங்ககிட்டத்தான் கேக்கோணும். கோவிச்சுக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நல்லா இருந்ததை எதுக்குங்க மாத்தறீங்க? நீங்க மாத்தலீங்களா? சரி, உங்களாட்ட கார்டு போட்ட ஒருத்தருதானுங்களே மாத்தியிருப்பாரு. யாராவது வந்து உங்ககிட்ட அழுதாங்களா, எங்களுக்கு இந்தப் பட்டன் வேண்டாம், இதைப் புடுங்கிருங்கன்னு? நான் அழுகலைங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் அழுகலை.

நான் சத்தியமங்கலத்துல திருமண தகவல் மையம் வெச்சிருக்கறேனுங்க. பஸ் ஸ்டேண்டுக்குப் பொறத்தால, ஜவுளிக்கடை மாடியில. ருக்குமணி அக்கான்னு கேட்டா ஆட்டோக்காரங்க கொண்டாந்து எறக்கி உட்டுருவாங்க. பத்தொம்பது வருசம். என்ற ஊட்டுக்காரரு போனதுக்கப்புறம் ஒத்தையா உக்காந்து நடத்துனது. இருநூத்திப் பதினாறு கண்ணாலம் முடிச்சிருக்கறேனுங்க, அதுல பிரிஞ்சது நாலே நாலு. இப்ப அஞ்சுன்னு சொல்றாங்க. அஞ்சாவது என்ற கணக்குல வராதுங்க. அது இதோட கணக்கு. இந்தா, மடியில உக்காந்திருக்குதே, இதோட கணக்கு.

முந்தி வேற ஒண்ணு இருந்துச்சுங்க. பதினோரு வருசம் உழைச்சுது. தூக்கினா தூக்கின மாதிரி இருக்கும். வலது பக்கம் நம்பர் பட்டன் தனியா, கல்லாப் பொட்டியாட்ட அடுக்கா இருக்கும். பொறந்த தேதி, நேரம், போன் நம்பரு, எல்லாம் அந்தக் கையிலயே ஓடும். அம்புக்குறி பட்டன் நாலும் தனியா ஒதுங்கி இருக்கும். கீழ தடவற பலகைக்கு அடியில ரெண்டு கட்டை, அமுக்கினா டக்குனு சொல்லும். நான் கேட்டுட்டேன், செஞ்சுட்டேன்னு அது சொல்ற மாதிரிங்க. மனுசங்ககிட்டக்கூட அப்படிப் பதில் வராது.

ஜாதகக் கட்டம் பாத்திருக்கீங்களா? சுத்தியும் பன்னெண்டு கட்டம், நடுவுல ராசின்னு போட்டிருக்கும். எந்தக் கிரகம் எங்க உக்காந்திருக்குதோ அந்தக் கட்டத்துல அது பேரைச் சுருக்கிப் போடோணும். சூரியனுக்கு சூரி, செவ்வாய்க்கு செவ், லக்கினத்துக்கு ல. அவ்வளவுதானுங்க. எனக்குன்னு ஒரு வழக்கம் இருக்குது. நான் ஸ்கிரீனைப் பாக்கவே மாட்டேன். கண்ணு ஜாதக நோட்டுல இருக்கும், கை பட்டன்ல இருக்கும். கீழ மூணு டக்கு, எடது ரெண்டு டக்குன்னு எண்ணிக்கிட்டே போவேன். ஒரு டக்கு, ஒரு கட்டம். பதினோரு வருசத்துல எத்தனை ஆயிரம் ஜாதகம் அடிச்சிருப்பேன்! ஒரு கிரகம் எடம் மாறுனதில்லைங்க. ஜோசியருங்களே சொல்லுவாங்க, ருக்குமணியம்மா அடிச்சதுன்னா பஞ்சாங்கத்தோட ஒத்துப் பாக்க வேண்டியதில்லைன்னு.

அது ஒரு நாள் மூடியோட கழண்டு கையில வந்துருச்சுங்க. கடைக்காரன் பாத்துப்போட்டு, இதுக்குச் சாமான் வர்றதில்லைக்கா, கம்பெனிக்காரனே நிறுத்திட்டான்னுட்டான். என்ற பையன் நவநீதன் ஓசூர்ல இருக்கறான், தைப் பொங்கல் நோம்பிக்கு வரும்போது இதை வாங்கியாந்தான். "அம்மா, லேட்டஸ்ட்டும்மா"ன்னான். தொறந்து பாத்தேன். நம்பர் பட்டன் எங்கடா? "இப்ப அதெல்லாம் வர்றதில்லைம்மா." கீழ ரெண்டு கட்டை எங்கடா? "பலகையே கட்டைம்மா, எங்க வேணா அமுக்கு." பென் டிரைவ் சொருகற ஓட்டை? "அதுக்கு ஒரு கொண்டை வாங்கி மாட்டிக்கோணும்." அம்புக்குறியைப் பாருங்க, மேல கீழ ரெண்டையும் பாதியா அரிஞ்சு ஒரு பட்டன் எடத்துல திணிச்சு வெச்சிருக்கறாங்க, வாடகை ஊட்டுல ரெண்டு குடும்பம் இருக்கற மாதிரி. அழிக்கற பட்டனுக்கு ஒட்டுனாப்பல ஆஃப் பண்ற பட்டன். ஒரு எழுத்தை அழிக்கலாம்னு வெரலைக் கொண்டு போனா மொத்தமா அணைஞ்சு போகுது. ஸ்கிரீனு பளபளன்னு கண்ணாடி, அதுல என்ற மூஞ்சியும் பின்னால எரியற டியூப் லைட்டும்தான் தெரியுது. நான் என்ற மூஞ்சியப் பாக்கவா உக்காந்திருக்கறேன்?

நவநீதன்கிட்டச் சொன்னா, "நீ பழகிக்கோணும்மா, உலகமே பழகிருச்சு"ங்கறான். பதினோரு வருசம் பழகுனதை ஒருத்தன் எங்கியோ உக்காந்துட்டு ஒரு நாள்ல புடுங்கிப்போடுவான், மறுபடி பழகறது மட்டும் என்ற வேலையா? மெலிசா இருக்குதாம். எனக்கு எதுக்குங்க மெலிசு? நான் என்ன, இதைச் சட்டையில குத்திட்டுப் போறனா?

புளியம்பட்டி வந்துருச்சா? இங்க டீக்கு நிறுத்த மாட்டானுங்க, உக்காருங்க.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். எங்கூர்ல பால் சொசைட்டி கந்தப்பண்ணன்னு ஒருத்தரு. பாலுக்குத் தரம் பாக்கற வேலை. பரம சாது. சம்சாரம் சின்னம்மணி, பொண்ணு பத்தாவது படிக்கும்போதே நெஞ்சு வலியில போயிட்டாங்க. ஒரே பொண்ணு, மேகலா. ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை. நல்ல பொண்ணுங்க, அழகுங்கறதை உட ஒரு தெளிவு. பேசினா நேராப் பேசும். அது ஜாதகத்தை எடுத்துட்டு வந்து கந்தப்பண்ணன் சொன்னாரு, "அம்மிணி, இது சுத்த ஜாதகம். அவ அம்மா உசுரோட இருக்கையில வாய்க்கு வாய் சொல்லுவா, எம் புள்ளைக்கு ஒரு தோசமும் இல்லை, சுத்த ஜாதகம்னு. எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது, நீங்கதான் அடிச்சுக் குடுக்கோணும்." நோட்டுல கையில எழுதின ஜாதகம், மை மங்கிப் போயிருந்துச்சு. நோட்டுக்கு மஞ்சத் தடவி, துணியில சுத்தி, பத்திரமா வெச்சிருந்தாங்க அந்தம்மா.

புது லேப்டாப்பு வந்து அப்ப நாலு நாள்தானுங்க. அடிச்சேன். எப்பவும் போல நோட்டைப் பாத்துட்டே அடிச்சேன். இதுல டக்கும் இல்லை டிக்கும் இல்லை, அமுக்கினமா இல்லையான்னு வெரலுக்கே தெரிய மாட்டேங்குது. பலகை வேற பாய் விரிச்ச மாதிரி அகலம், மணிக்கட்டு பட்டாலே, எழுத்து உழுகற எடத்துல மினுக்கற கோடு எங்கியோ குதிச்சுப் போகுது. அந்தப் பொண்ணுக்கு மீன லக்கினம். செவ்வாய் சிம்மத்துல, ஆறாம் எடம், ஒரு குத்தமும் இல்லை. சிம்மத்துக்கு நேர் கீழ் கட்டம் கன்னி, அது ஏழாம் எடம். ஏழுல செவ்வாய் உக்காந்தா என்னன்னு உங்களுக்குத் தெரியாட்டியும் உங்கம்மாவுக்குத் தெரியும். செவ்வாய் தோசம். சிம்மத்துல அடிச்ச செவ்வாய் ஒரு கட்டம் கீழ எறங்கிப் போச்சுங்க. நான் எறக்கலை. இது எறக்குச்சு.

எனக்கெப்படித் தெரியும்? ஃபைலை வாட்ஸாப்புல எல்லாருக்கும் அனுப்பியாச்சு.

முதல் வரன் அன்னூர்ல. இப்ப போவோம் பாருங்க, பஸ் ஸ்டேண்டுக்கு முன்னாலயே வலது பக்கம் ஒரு மாட்டு ஆஸ்பத்திரி வரும், அங்க டாக்டரு. பரணிதரன்னு பேரு. பொண்ணு பாக்க வந்தாங்க. பாத்த எடத்துலயே ரெண்டு பேருக்கும் புடிச்சுப் போச்சு. அவன் சிரிக்காத ஆளுங்க, அன்னிக்குச் சிரிச்சான். ஒரு மாசம் போன்ல பேசிட்டிருந்தாங்க. எனக்கே மனசு நெறைஞ்சு போச்சு, பாத்துக்கங்க. அப்புறம் அவிய ஊட்டு ஜோசியரு ஊருக்குப் போயிருந்தவரு திரும்பி வந்து, நான் அடிச்ச தாளைப் பாத்துப்போட்டு, ஏழுல செவ்வாய், பையனோடது சுத்த ஜாதகம், ஆகவே ஆகாதுன்னுட்டாரு. பையனோட அம்மா எனக்குப் போன் போட்டு வஞ்சாங்க, செவ்வாயை மறைச்சு எங்க தலையில கட்டப் பாத்தீங்களான்னு. தாளை எடுத்துப் பாத்தேன். ஆமா, ஏழுல செவ்வாய். அடிச்சது தெளிவா இருக்குதே!

நோட்டை எடுத்து ஒத்துப் பாத்திருக்கலாமேங்கறீங்க. நோட்டைத்தான் அன்னிக்கே திருப்பிக் குடுத்துட்டேனே தம்பி. பத்தொம்பது வருசமாத் தப்பே பண்ணாதவ எதுக்குங்க ஒத்துப் பாக்கோணும்?

அன்னில இருந்து மேகலாவைத் தோச ஃபைலுக்கு மாத்திட்டேன். என்ற கம்ப்யூட்டர்ல ரெண்டு ஃபைல் இருக்குமுங்க, சுத்தம் ஒண்ணு, தோசம் ஒண்ணு. சுத்தத்துல எண்ணூறு பேரு. தோசத்துல பையனுங்க எம்பது தேற மாட்டானுங்க, அதுலயும் பாதி முப்பத்தஞ்சு தாண்டுனவன். ரெண்டு வருசம் தேடினோம். பரணிதரனுக்கு அதுக்குள்ள கண்ணாலம் ஆயிருச்சு. இல்லீங்க, அது நான் முடிச்சதில்லை. ஆமாங்க, நான்தான் முடிச்சேன். வேற பொண்ணு. ஒருத்தருக்கு அமையலைன்னா இன்னொருத்தருக்குப் பாக்கறதுதானுங்களே என்ற சோலி.

உங்களுக்கு ஆயிருச்சுங்களா தம்பி? இன்னும் இல்லையா? என்ன நட்சத்திரம்? சரி, சரி, அப்புறம் பேசிக்கலாம்.

கடைசியா நம்பியூர்ல ஒரு வரன். நல்லசிவம். முப்பத்தேழு வயசு, நெல்லு வியாபாரம். எட்டுல செவ்வாய், அசல் தோசம். தோசத்துக்குத் தோசம், பத்துப் பொருத்தத்துல ஒம்பது. கந்தப்பண்ணன் கையெடுத்துக் கும்பிட்டாரு. பொண்ணு ஒண்ணும் சொல்லலை. சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. நான் அதைச் சம்மதம்னுதான் எடுத்துக்கிட்டேன். எல்லாரும் அப்படித்தானுங்களே எடுத்துக்குவாங்க.

கண்ணாலத்துக்கு ஒம்பது நாள் முந்தி மாப்பிள்ளை ஊட்டுல கேட்டாங்க, பொண்ணோட அசல் ஜாதகத்தை ஒரு காப்பி எடுத்துக் குடுங்கன்னு. கந்தப்பண்ணன் அந்த மஞ்சத் துணியை அவுத்து நோட்டைக் குடுத்துட்டுப் போனாரு. ஜெராக்ஸ் எடுக்கத் தொறந்தேன். செவ்வாய் சிம்மத்துல. மை மங்கியிருந்தாலும் செவ்வுங்கற எழுத்து நல்லாத் தெரியுது. சிம்மத்துல.

என்ன பண்ணச் சொல்றீங்க? பத்திரிகை பாதி குடுத்தாச்சு. மண்டபம் புடிச்சாச்சு. ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் துணி எடுத்தாச்சு. அந்த நேரத்துல போய், பொண்ணு சுத்த ஜாதகம்னு சொன்னா, மாப்பிள்ளைக்கு இருக்கற தோசம் பொண்ணைத் தாக்கும்னு அதுக்கும் ஒரு பஞ்சாயத்து வரும். ரெண்டு ஊடும் நாறிப் போகும். அந்தப் பொண்ணோட நல்லதுக்குத்தானுங்க நான் வாயைத் தொறக்கலை. அவிய கேட்ட காப்பிக்கு நான் அடிச்ச தாளையே திரும்ப ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டேன். என்ற கம்ப்யூட்டர்ல இருந்த ஃபைலை மட்டும் திருத்தி, செவ்வாயைச் சிம்மத்துக்கு ஏத்தி வெச்சேன். நம்மகிட்ட இருக்கறதாவது சரியா இருக்கோணுமுங்களே.

அப்பத்தான் இதும்மேல எனக்கு வெறுப்பு வந்துச்சு. அதுக்கு முந்தி எரிச்சல், அதுக்கப்புறம் வெறுப்புங்க. தொட்டாலே ஒடம்பு கூசுது.

கண்ணாலம் நடந்துச்சு. ஆவணியில. பங்குனியில மேகலா ஒரு சூட்கேசோட அப்பன் ஊட்டுக்கு வந்துருச்சு. அவன் கை நீட்டறவனாம். சந்தேகமாம், லேப்புக்குப் போகக் கூடாதாம், போன்ல யாரோட பேசறேன்னு ராத்திரி பகல் கேள்வியாம். ஒரு நாள் தோசைக்கரண்டியிலயே அடிச்சிருக்கறான், முழங்கையில தழும்பு இருக்குது. நான் பாத்தேன். அதைப் பாத்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கறதில்லைங்க. நெசமாத்தான் சொல்றேன். நானும் ஒரு பொம்பளைதானே.

கந்தப்பண்ணன் என்னைத் திட்டுவாருன்னு நெனைச்சேன். திட்டியிருந்தாப் பரவாயில்லை. அந்த மனுசன் என்ன பண்ணியிருக்கறாருன்னா, சம்சாரத்தோட போட்டோவைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சுட்டாரு. தெனமும் பூ வெச்சுட்டிருந்த போட்டோ. "எம் புள்ளைக்குச் சுத்த ஜாதகம்னு பொய் சொல்லிப்போட்டுப் போயிட்டாளே. முன்னமே தோசம்னு சொல்லியிருந்தா நான் வயசு ஏறறதுக்கு முந்தி நல்ல எடமா அமைச்சிருப்பனே. பரணிதரனைக் காட்டி எம் பொண்ணு மனசுல ஆசையை வளத்திருக்க மாட்டனே"ன்னு ஒரே பொலம்பல். சொசைட்டிக்குப் போறதில்லை, சோறு திங்கறதில்லை. செத்துப்போன பொம்பளையோட சண்டை போட்டுட்டு உக்காந்திருக்கறாரு.

அதைக் கேட்டுட்டு என்னால இருக்க முடியலீங்க. போன மாசம் ஒரு நாள் நானே மேகலாவைப் பாக்கப் போனேன். கந்தப்பண்ணன் உள்ள படுத்திருந்தாரு. நாங்க ரெண்டு பேரும் வாசல்ல நின்னுட்டுப் பேசினோம். சொல்லிப்போட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். நம்பர் பட்டன் இல்லாதது, அம்புக்குறி பாதியா அரிஞ்சது, பலகை அகலம், கோடு குதிக்கறது, ஒண்ணு உடாமச் சொன்னேன். "இந்த லேப்டாப்பு பண்ணின வேலை கண்ணு இது, செவ்வாயை ஒரு கட்டம் கீழ எறக்கிப்போட்டுச்சு"ன்னேன். அது அழுகும், கத்தும்னு நெனைச்சேன்.

"தெரியும்க்கா"ன்னுச்சு.

எனக்குப் புரியலை. என்ன கண்ணு தெரியும்?

"அன்னூர் வரன் தட்டிப்போன அன்னிக்கே நோட்டை எடுத்துப் பாத்துட்டேன். உங்க தாளையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ரத்தம் டெஸ்ட் பண்றவளுக்கு ரெண்டு தாளை ஒத்துப் பாக்கத் தெரியாதா? உங்களுக்குத்தான் முதல்ல போன் போட்டேன். அக்கா, நோட்டுல செவ்வாய் மேல் கட்டத்துல இருக்குதே, நீங்க கீழ போட்டிருக்கீங்களேன்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

எனக்கு நெனைப்பில்லை தம்பி. ஒரு நாளைக்கு நூறு போன் வருது. நான் என்ன சொல்லியிருக்கப் போறேன்?

அது சொல்லுச்சு. என்ற குரல்லயே சொல்லுச்சுங்க, "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது கண்ணு, கையில எழுதறவங்கதான் தப்புப் பண்ணுவாங்க. பொண்ணுக்குத் தோசம்னா பெத்தவங்க நோட்டுல மாத்தி எழுதி வெக்கறது சகஜம். உங்கம்மாவும் அப்படித்தான் மாத்தி எழுதச் சொல்லியிருப்பாங்க, பாவம்." அப்படீன்னு சொன்னேனாம். ஸ்பீக்கர்ல போட்டிருந்துச்சாம். கந்தப்பண்ணன் பக்கத்துல உக்காந்திருந்தாராம்.

சொல்லியிருப்பேனுங்க. இல்லைன்னு சொல்லலை. எல்லாருக்கும் சொல்றதுதான் அது. நோட்டைத் தூக்கிட்டு ஒருத்தி சண்டைக்கு வந்தா வேற என்னத்தைச் சொல்றது?

அந்தப் பொண்ணு உள்ள போச்சு, ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டாந்து திண்டு மேல வெச்சுது. "எனக்கு ஒண்ணும் வேண்டாம்க்கா. நான் அவன்கிட்டத் திரும்பிப் போகப் போறதில்லை, என் பொழப்பை நான் பாத்துக்குவேன். எங்கம்மா பொய் சொல்லலைன்னு அப்பாவுக்குத் தெரியோணும். நான் சொன்னா, அம்மாவுக்குப் பரிஞ்சு பேசறேன்னு நெனைக்கறாரு. நீங்க சொன்னதைத்தானே நம்பினாரு, நீங்க சொன்னாத்தான் நம்புவாரு. தப்பு என்னுது, சின்னம்மணியக்கா சொன்னதுதான் சரின்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அவரு எந்திரிச்சதும் குடுத்தர்றேன்."

ஒரு வரிதானுங்க. ஆனா அதைப் பாருங்க, தப்பு என்னுதுன்னு எப்படி எழுதறது? என்னுது இல்லையே! பத்தொம்பது வருசப் பேரு. அந்தத் தாளு நாளைக்கு யாரு கையிலயாவது கெடைச்சா இருநூத்திப் பதினாறு ஊட்லயும் நோட்டைத் தூக்கிட்டு வர மாட்டாங்களா? நான் சொன்னேன், "கண்ணு, நான் எழுதறதை உட, தப்புப் பண்ணுனவங்க எழுதினாத்தான் அதுக்கு மதிப்பு. நான் கோயமுத்தூருக்குப் போய் கம்பெனி லெட்டர்பேடுல, சீல் வெச்சு, இந்த மாடல்ல கோடு தானாக் குதிக்கும்னு எழுதி வாங்கியாந்து குடுக்கறேன்"னேன். அது என்னைப் பாத்துச்சு. பேனாவை மூடி எடுத்துட்டு உள்ள போயிருச்சு.

இது மூணாவது தடவைங்க நான் கோயமுத்தூர் சர்வீஸ் சென்டருக்குப் போறது. முதல் தடவை டோக்கன் குடுத்து, இதை ஒரு மணி நேரம் வெச்சுப் பாத்துப்போட்டு, குறை எதுவும் இல்லைன்னு சீட்டுக் குடுத்தாங்க. ரெண்டாந் தடவை அந்தப் பொண்ணு, கவுண்டர்ல இருக்கறது, "மேடம், நீங்க யூஸ் பண்ற விதம் அப்படி"ங்குது. என்ற விதமாம். விதத்தை மாத்துனது யாரு? இன்னிக்கு மேனேஜரைப் பாக்காம வரப் போறதில்லை. செவ்வாய்னா என்னன்னே அவனுக்குத் தெரியாது, அவனுக்கு எங்கிருந்து நான் புரிய வெக்கறது? ஆனாலும் போறேன். கந்தப்பண்ணன் நேத்தும் ஒரு வாய்க் கஞ்சிதான் குடிச்சாராம். பால் சொசைட்டிக்காரங்க சொன்னாங்க. ஆளு பாதியாயிட்டாராம். அந்தப் போட்டோ இன்னும் சுவத்தைப் பாத்துட்டேதான் இருக்குதாம்.

தம்பி, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்காதீங்க. உங்க கம்பெனியில லெட்டர்பேடு இருக்குமுங்களே? எந்தக் கம்பெனியா இருந்தா என்ன, கம்ப்யூட்டர் கம்பெனிதானே, கந்தப்பண்ணனுக்கு என்ன தெரியப் போகுது. நீங்க இங்கிலீசுல நாலு வரி எழுதி ஒரு சீல் வெச்சுக் குடுத்துட்டீங்கன்னா, நான் அப்படியே அடுத்த பஸ்ஸைப் புடிச்சுத் திரும்பிருவேன். மத்தியானத்துக்குள்ள அந்த மனுசன் சோறு திம்பாரு. ஒரு குடும்பம் பொழைக்குமுங்க, புண்ணியமாப் போகும்.

என்ன தேடறீங்க பையில? தாளுங்களா? எழுதித் தர்றீங்களா? சாமி, நீங்க நல்லா இருக்கோணும்.

அட, எழுதுங்கன்னா, பேனாவை எதுக்குங்க எங்கிட்ட நீட்டறீங்க? நானா? நான் என்னத்தைங்க எழுதறது?

சரவணம்பட்டி வந்துருச்சு பாருங்க, எறங்குங்க.